ஆறு இறுதியாட்டங்கள், இரண்டு வெற்றிகள்

மெக்சிக்கோ டெனிஸ் வீராங்கனை யோலா ராமிரெஸின் கதை

போட்டி முடிந்ததும் வென்றவரின் பெயரைக் கிண்ணத்தில் பொறிக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் அவருடைய படம் பெரிதாக வருகிறது. அவரோடு இறுதிவரை நின்று ஆடித் தோற்றவரின் பெயர் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் போகிறது. சில ஆண்டுகள் கழிந்தால் அந்தப் பெயரை யாரும் தேடுவதில்லை.

இந்த மாதம் நாம் அறிந்துகொள்ளப் போகும் பெண், உலகப் புகழ் பெற்ற ஒரே மைதானத்தில் நான்கு இறுதியாட்டங்களில் தோற்றவர். அதே மைதானத்தில் இரண்டு இறுதியாட்டங்களில் வென்றவரும் அவர்தான். 1957 முதல் 1961 வரை ஐந்து ஆண்டுகள், ஓர் ஆண்டும் தவறாமல், அவர் அங்கே ஏதாவதோர் இறுதியாட்டத்தில் மட்டையுடன் நின்றார். அவர் பெயர் யோலா ராமிரெஸ். நாடு மெக்சிக்கோ.

மலைநகரில் பிறந்தவர்

மெக்சிக்கோவின் புவெப்லா மாநிலத்தின் வடக்கே மழையும் மூடுபனியும் நிறைந்த மலைப்பகுதி ஒன்று உண்டு. அங்கேயுள்ள தெசியுத்லான் என்னும் நகரில் 1935ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் திகதி யோலா பிறந்தார்.

அவர் வளர்ந்த காலத்தில் மெக்சிக்கோப் பெண்களுக்கு நாட்டின் பொதுத்தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை இருக்கவில்லை. 1953ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில்தான் அரசியலமைப்புத் திருத்தப்பட்டு அந்த உரிமை வந்தது. அப்போது யோலாவுக்கு 18 வயது. 1955ஆம் ஆண்டு ஜூலையில் மெக்சிக்கோப் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குச்சீட்டை இட்டார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகளின் பின்னர், அந்நாட்டுப் பெண்கள் இருவர் 9,000 கிலோமீற்றருக்கு அப்பால் பரிஸ் நகரில் ஓர் இறுதியாட்டத்தில் நின்றார்கள். ஒருவர் யோலா. மற்றவர் ரோசா மரியா ரெயெஸ். எல்லோரும் அவரை ரோசி என்றே அழைத்தார்கள்.

ரோசி 1939இல் பிறந்தவர். யோலாவை விட நான்கு வயது இளையவர். ஒருவர் தனியே ஆடும் ஒற்றையர் ஆட்டத்தில் இருவரும் போட்டியாளர்கள். ஆனால் இரட்டையர் ஆட்டம் என்று வந்தால், இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

செங்கல் தூள் மைதானம்

டெனிஸில் நான்கு சுற்றுப்போட்டிகள் மிகப் பெரியவை. அவை அவுஸ்திரேலியா, பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கின்றன. பிரான்சின் போட்டி பரிஸ் நகரிலுள்ள ரோலண்ட் கரோஸ் அரங்கில் நடைபெறுகிறது. முதலாம் உலகப் போரில் உயிரிழந்த விமானி ஒருவரின் பெயரை அந்த அரங்குக்கு வைத்திருக்கிறார்கள்.

போரின் நிழல் அந்தப் பெயரோடு நின்றுவிடவில்லை. 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, பிரெஞ்சு அரசு தன் மண்ணிலிருந்த வெளிநாட்டவர் பலரைப் பிடித்து அந்த அரங்கிலேயே அடைத்து வைத்தது. பார்வையாளர் இருக்கைகளின் கீழே மனிதர்கள் வைக்கோலில் படுத்துறங்கினார்கள். விளையாட்டுத் திடல் தடுப்பு முகாமாக மாறுவது எப்படி என்பதை அந்த அரங்கும் கண்டிருக்கிறது. போர் முடிந்தபின் அங்கே மறுபடியும் பந்து ஒலித்தது.

ரோலண்ட் கரோஸின் தரை சிவப்பு நிறமானது. செங்கல்லை நன்றாக அரைத்த தூளை மெல்லிய படையாக மேலே பரப்பியிருப்பார்கள். பந்து அதில் விழுந்ததும் வேகம் குறைந்து உயரே எழும்பும். புற்றரையில் ஓர் அடியில் முடிந்துவிடும் பந்து இங்கே திரும்பி வரும். மீண்டும் அடித்தால் மீண்டும் வரும். ஆகவே இந்தத் தரையில் பலத்தோடு பொறுமையும் வேண்டும். கால் சறுக்கினாலும் நிலைகுலையாமல் ஆடத் தெரிய வேண்டும்.

மெக்சிக்கோவின் தலைநகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைந்தது; பந்து விரைந்து பறக்கும். அத்தகைய உயர்நிலங்களில் ஆடிப் பழகியவர்கள் பரிஸுக்கு வந்தால், கையும் கண்ணும் புதிதாகப் பழக வேண்டும். யோலாவும் ரோசியும் அந்தத் தரையைத் தமக்கு ஏற்றதாக்கிக் கொண்டார்கள்.

இரண்டு பேர், ஒரு பக்கம்

ஒற்றையர் ஆட்டத்தில் திடலின் அகலம் 8.23 மீற்றர். இரட்டையர் ஆட்டத்தில் அது 10.97 மீற்றராக விரிகிறது. அந்த அகலத்தை இரண்டு பேர் பங்கிட்டுக் காக்க வேண்டும். இதிலே மிகவும் சிக்கலான இடம் நடுப்பகுதிதான். இருவருக்கும் இடையே வரும் பந்தை யார் அடிப்பது? இருவரும் பாய்ந்தால் மட்டைகள் மோதும். இருவரும் விட்டுக்கொடுத்தால் பந்து போய்விடும். அதனால் நல்ல இணைகள் பந்துக்குப் பந்து பேசிக்கொள்வார்கள். ஒருவர் வலையருகே முன்னேறினால் மற்றவர் பின்னால் நின்று அவருடைய பக்கத்தையும் சேர்த்துக் காப்பார். ஒருவருக்கு அன்று கை ஓடாவிட்டால், மற்றவர் அதிகம் சுமப்பார்.

1957ஆம் ஆண்டு பரிஸ் மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்துக்கு யோலாவும் ரோசியும் வந்தபோது ரோசிக்கு 18 வயது, யோலாவுக்கு 22. எதிரே நின்றவர்கள் இங்கிலாந்தின் ஷேர்லி புளூமரும் அமெரிக்காவின் டார்லீன் ஹார்டும்.

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு சிறு குறிப்பு: பெண்கள் ஆட்டத்தில் மூன்று செட்டுகளில் இரண்டை வெல்பவர் வெற்றியாளர். ஒரு செட்டை வெல்ல ஆறு கேம்கள் வேண்டும். ஆனால் அக்காலத்தில் எதிராளியை விட இரண்டு கேம்களாவது கூட இருக்க வேண்டியிருந்தது. ஐந்துக்கு ஐந்து என்று வந்துவிட்டால் ஆட்டம் நீளும்.

அன்றைய ஆட்டம் அப்படித்தான் நீண்டது. முதல் செட் 5-7 எனக் கைநழுவியது. இரண்டாவதை 6-4 என மெக்சிக்கோ இணை பிடித்தது. மூன்றாவது மறுபடியும் 5-7. மொத்தம் 34 கேம்கள். அவற்றில் 18 எதிரணிக்கு, 16 இவர்களுக்கு. இரண்டே கேம்களின் வித்தியாசத்தில் கிண்ணம் போயிற்று.

1958: மறுபடியும் வந்தார்கள்

அடுத்த ஆண்டு இருவரும் அதே அரங்குக்குத் திரும்பினார்கள். மறுபடியும் இறுதியாட்டத்தை எட்டினார்கள். இம்முறை எதிரே நின்றவர்கள் அவுஸ்திரேலியாவின் தெல்மா கொய்ன் லோங், மேரி பெவிஸ் ஹோட்டன் ஆகிய இரு அனுபவசாலிகள்.

தெல்மாவைப் பற்றி இங்கே சில வரிகள் சொல்லத்தான் வேண்டும். அவர் போருக்கு முன்னரே பெயர் பெற்ற வீராங்கனை. இரண்டாம் உலகப் போர் வந்தது. போட்டிகள் நின்றன. தெல்மா முதலில் செஞ்சிலுவைச் சங்கத்தில் வாகனச் சாரதியாகப் பணி செய்தார்; பின்னர் இராணுவத்தின் மகளிர் பிரிவில் சேர்ந்து கப்டன் நிலைவரை உயர்ந்தார். ஒரு விளையாட்டு வீராங்கனையின் மிகச் சிறந்த வயது அப்படியே போரில் கழிந்தது. போர் முடிந்தபின் அவர் மட்டையைக் கையிலெடுத்து 1952இலும் 1954இலும் அவுஸ்திரேலிய ஒற்றையர் சம்பியனானார். 1958இல் பரிஸில் நின்றபோது அவருக்கு வயது 39.

அந்த ஆண்டு ஒற்றையர் கிண்ணத்தை வென்றவரும் போரைக் கடந்து வந்த ஒரு பெண்தான். ஹங்கேரி நாட்டின் ஜுஜி கொர்மொட்சி, யூத இனத்தவர். 33ஆவது வயதில் அவர் அந்த வெற்றியைப் பெற்றார்.

இரட்டையர் இறுதியாட்டத்தில் 23 வயது யோலாவும் 19 வயது ரோசியும் 6-4, 7-5 என்று வென்றார்கள். முந்திய ஆண்டு இவர்களைத் தோற்கடித்த அதே 7-5, இம்முறை இவர்கள் பக்கம் நின்றது. நான்கு பெரும் சுற்றுப்போட்டிகளில் ஒன்றை மெக்சிக்கோப் பெண்கள் வென்றது அதுவே முதல் தடவை.

ஒரே போட்டியில் தோல்வியும் வெற்றியும்

1959இல் மூன்றாவது முறையாக இணை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாபிரிக்காவின் சண்ட்ரா ரெனல்ட்ஸ், ரெனே ஷூர்மன். முதல் செட்டை 6-2 என்று மெக்சிக்கோ இணை இலகுவாக எடுத்தது. பிறகு என்ன நடந்தது என்பதை இலக்கங்களே சொல்கின்றன: 0-6, 1-6. கடைசிப் பதின்மூன்று கேம்களில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

ஆனால் யோலாவுக்கு அந்த ஆண்டுப் போட்டி அத்துடன் முடியவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் இங்கிலாந்தின் பில்லி நைட்டுடன் அவர் ஆடினார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர்கள் அதே ரெனே ஷூர்மனும், அவுஸ்திரேலியாவின் ரொட் லேவரும். லேவர் பின்னாளில் ஒரே ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற சாதனையை 1962இலும் 1969இலும் இருமுறை செய்தவர். அந்த இணையை யோலாவும் நைட்டும் 6-4, 6-4 என்று வென்றார்கள்.

இப்படி ஒரே மைதானத்தில், ஒரே போட்டிக் காலத்தில், கடுமையான தோல்வி ஒன்றும் பெருமையான வெற்றி ஒன்றும் ஒரே பெண்ணுக்குக் கிடைத்தன.

தனியே நின்ற இரண்டு ஆண்டுகள்

அதன்பின் இருவரின் பாதைகளும் பிரிந்தன. ரோசி, பிரான்சின் முன்னணி வீரர் பியேர் டார்மோனை மணந்து பிரான்ஸ் நாட்டவரானார். ரோசி ரெயெஸ் என்ற பெயர் ரோசி டார்மோன் ஆயிற்று.

யோலா ஒற்றையர் ஆட்டத்தில் உச்சத்தைத் தொட்டது அதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளிலேயே. 1960இல் அவர் பரிஸ் ஒற்றையர் இறுதியாட்டத்துக்கு வந்தார். அங்கே அவரை எதிர்கொண்டவர் பழைய எதிராளி டார்லீன் ஹார்ட். உணவுச்சாலையில் பரிமாறும் வேலை செய்து தன் செலவுக்குப் பணம் தேடியவர் ஹார்ட். அவரிடம் யோலா 3-6, 4-6 என்று தோற்றார்.

1961இல் யோலா மறுபடியும் ஒற்றையர் இறுதிக்கு வந்தார். இம்முறை எதிராளி இங்கிலாந்தின் இடதுகை வீராங்கனை ஆன் ஹேய்டன். மேசைப்பந்தாட்டத்திலும் உலகப் போட்டியின் இறுதிவரை சென்றவர் அவர். ஆட்டம் ஒருபக்கமாக முடிந்தது: 2-6, 1-6.

இதை மறைக்கத் தேவையில்லை. முதல் இறுதியாட்டத்தை விட இரண்டாவது மோசமாகத்தான் போனது. ஆனால் அதே ஆண்டில் அவர் விம்பிள்டனில் காலிறுதிவரை ஆடினார். அமெரிக்கப் போட்டியில் இரட்டையர் இறுதியாட்டத்திலும் நின்றார். அங்கே அவருடைய புதிய துணை எட்டா புடிங். ருமேனியாவில் பிறந்து, குடும்பத்துடன் ஆர்ஜென்டீனாவுக்குப் போய், பின்னர் ஜேர்மனிக்காக ஆடியவர் இவர். அந்த ஆட்டத்தை ஹார்டும் அவுஸ்திரேலியாவின் லெஸ்லி டேர்னரும் 6-4, 5-7, 6-0 என்று வென்றார்கள். ஆண்டு முடிவில் உலகின் முதல் பத்து வீராங்கனைகளின் வரிசையில் யோலாவின் பெயரும் இருந்தது.

கூலியில்லாத உழைப்பு

இத்தனை ஆட்டங்களுக்கும் யோலாவுக்குக் கிடைத்த பரிசுப் பணம் எவ்வளவு?

பணமே இல்லை. அக்காலத்தில் பெரும் டெனிஸ் போட்டிகள் எல்லாம் அமெச்சூர் போட்டிகள். அதாவது, பணத்துக்காக ஆடாதவர்களுக்கு மட்டுமே உரியவை. பிரயாணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு என்று ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள். வென்றவருக்குக் கிண்ணம். பரிசுப் பணம் வாங்கினால் போட்டியில் இடமில்லை. கையில் காசு உள்ளவர்களுக்கு இந்த விதி ஒரு குறையாகத் தெரியவில்லை. மற்றவர்கள், டார்லீன் ஹார்டைப் போல, வேறு வேலை செய்து ஆட வேண்டியிருந்தது.

பெண்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஆண்களுக்கு 1900ஆம் ஆண்டிலிருந்தே டேவிஸ் கிண்ணம் என்னும் நாடுகளுக்கிடையிலான போட்டி இருந்தது. 1962இல் மெக்சிக்கோ ஆண்கள் அணி அதன் இறுதிச் சுற்றுவரை சென்றது. பெண்களுக்கு அதுபோன்ற அணிப் போட்டி 1963இல்தான் தொடங்கியது. யோலாவின் மிகச் சிறந்த ஐந்து ஆண்டுகள் அதற்குள் கடந்துவிட்டன. ஒலிம்பிக்கிலும் அப்போது டெனிஸ் கிடையாது. 1924இன் பின் நீக்கப்பட்ட அது, முழுமையான பதக்கப் போட்டியாக 1988இல்தான் திரும்பியது.

1968இல் விதி மாறியது. பணம் பெற்று ஆடுவோரும் பெரும் போட்டிகளில் சேர அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு ரோலண்ட் கரோஸில் ஆண் சம்பியனுக்கு 15,000 பிராங், பெண் சம்பியனுக்கு 5,000 பிராங் என்று அறிவித்தார்கள். விம்பிள்டனில் ஆணுக்கு 2,000 பவுண், பெண்ணுக்கு 750 பவுண். ஒரே திடல், ஒரே பந்து. கூலி மட்டும் மூன்றில் ஒன்று. வயலிலும் தோட்டத்திலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வாங்கிப் பழகிய எமக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

பெண்கள் அதை ஏற்றுக்கொண்டு பேசாமலிருக்கவில்லை. 1970இல் ஒன்பது வீராங்கனைகள் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கு ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தமக்கெனத் தனிப் போட்டிகளைத் தொடங்கினார்கள். அமெரிக்கப் போட்டி 1973இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு கொடுத்தது. ரோலண்ட் கரோஸும் விம்பிள்டனும் 2007இல்தான் முழுமையாக அந்த நிலைக்கு வந்தன. யோலா அங்கே ஒற்றையர் இறுதியில் ஆடியதற்கு 46 ஆண்டுகளின் பின்னர்!

பின்னர்

யோலா மணமுடித்தபின் ஒச்சோவா என்ற குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். ரோசியை 1968இல் மீண்டும் மெக்சிக்கோ மண்ணில் காண்கிறோம். அந்த ஆண்டு மெக்சிக்கோவில் ஒலிம்பிக் நடந்தது. பதக்கப் பட்டியலில் சேராத கண்காட்சிப் போட்டியாக டெனிஸும் அதிலே இடம்பெற்றது. ரோசி அமெரிக்காவின் ஜூலி ஹெல்ட்மனுடன் சேர்ந்து அங்கே இரட்டையர் ஆட்டம் ஆடினார்.

யோலாவுக்குப் பின்னர் நான்கு பெரும் போட்டிகளில் எதிலும் ஒற்றையர் இறுதியாட்டத்துக்கு வேறொரு மெக்சிக்கோப் பெண் இன்றுவரை வந்ததில்லை. அவர் தோற்ற அந்த இரண்டு ஆட்டங்கள்தான் அவருடைய நாட்டுப் பெண்கள் இதுவரை எட்டிய உயரம்.

இரண்டு பக்கமும் எழுதிய கணக்கு

வாசகியரே, விளையாட்டில் தோற்பதும் வாழ்வில் இழப்பதும் ஒன்றல்ல. பிள்ளையை இழந்தவருக்கும், கணவர் எங்கே என்று தெரியாமல் காத்திருப்பவருக்கும், வீடு வளவை விட்டு வந்தவருக்கும் ஒரு டெனிஸ் கதை மருந்தாகாது. தோற்ற ஆட்டத்தை அடுத்த ஆண்டு திரும்ப ஆடலாம். போன உயிர் திரும்பாது. இதை நாம் அறிவோம்.

ஆனாலும் இந்தப் பெண்ணின் கணக்கில் எமக்கு ஒரு விடயம் உண்டு. இழப்பு வந்தபின் நாம் பெரும்பாலும் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே எழுதுகிறோம். என்ன போயிற்று என்று இரவிலே விரல் மடித்து எண்ணுகிறோம். அந்த நாட்களில் என்ன செய்து தாண்டினோம், யாருக்குக் கை கொடுத்தோம், எமக்கு யார் கை கொடுத்தார்கள் என்பதை எழுதாமலே விட்டுவிடுகிறோம். யோலாவின் கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுதினால், ரோலண்ட் கரோஸில் நான்கு தோல்விகள் என்று முடிந்துவிடும். இரண்டு பக்கமும் எழுதினால்தான் ஐந்து ஆண்டுகள், ஆறு இறுதியாட்டங்கள், இரண்டு கிண்ணங்கள் என்று முழுக் கதையும் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரண்டு கிண்ணங்களையும் யோலா தனியே வெல்லவில்லை. இரண்டு முறையும் பக்கத்தில் ஒருவர் நின்றார். நடுவில் வரும் பந்தை யார் அடிப்பது என்று அவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.